தண்டவாளம் முடிந்த ஊர்

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பேருந்தில் ஏறியவர், பெல்மதுளையைக் கடந்தபின் சற்றே கண்ணயர்ந்தால் ஓப்பநாயக்கவைக் காணாமலே போய்விடுவார். சாலையின் இரு மருங்கிலும் சில கடைகள்; அப்பால் மீண்டும் தேயிலைச் செடிகளும் இறப்பர் மரங்களும். பார்ப்போர் வியந்து நிற்கக் கோட்டையோ கொத்தளமோ இங்கு இல்லை. ஆயினும் கொழும்பிலிருந்து புறப்பட்ட ஒரு புகையிரதப் பாதைக்கு இச்சிற்றூரே எல்லையாக இருந்தது என்று கூறினால், இன்றைய மாணவர்கள் நம்புவார்களா?

களனிவெளிப் பாதை என்பது அதன் பெயர். இலங்கையின் பிரதான இருப்புப் பாதைகள் ஐந்தடி ஆறங்குல அகலமுடையவை. இதுவோ அந்நாளில் இரண்டடி ஆறங்குலமாகவே இருந்தது. தோட்டங்களின் விளைபொருளைக் குறைந்த செலவில் துறைமுகம் சேர்ப்பதே நோக்கமாதலின், வளைந்தும் நெளிந்தும் செல்லக்கூடிய சிறு பாதையே போதுமென்று அன்றைய ஆட்சியாளர் முடிவு செய்தனர். அவிசாவளை வரை வந்த பாதை 1912இல் இரத்தினபுரியை அடைந்தது. அந்தப் பத்தாண்டு நிறைவதற்குள் கஹவத்தை வழியாக ஓப்பநாயக்கவுக்கு வந்து, அதற்கு மேல் செல்லாமல் நின்றுவிட்டது.

பாதை முடிகின்ற இடத்தில் ஊர் பிறக்கும். வண்டிகள் அங்கே வந்துதான் ஆகவேண்டும். சுமையை இறக்கியும் ஏற்றியும்தான் ஆகவேண்டும். சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளும் இறப்பர்ச் சிப்பங்களும் கொழும்புக்கு இறங்கின. அரிசியும் கருவாடும் துணியும் மேலே வந்தன. அரிசியைத் தோட்ட நிருவாகமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. எஞ்சியவற்றுக்குக் கடைத்தெருவே கதி.

தோட்டத்து மக்களுக்குக் கடைத்தெரு என்றால் என்னவென்று லயத்தில் வாழ்ந்தவர்களே அறிவார்கள். விடியுமுன் பெரட்டு, பகலெல்லாம் மலை, அந்தியில் கொழுந்து நிறுவை. ஆணையிடுவதற்குத் துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி. இவர்கள் எவருடைய குரலும் எட்டாத ஓர் இடம் உண்டென்றால் அது சந்தைதான். மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம் கைக்கு வந்ததும், தலைவாரிப் பூமுடித்த பெண்களும் சலவை வேட்டியணிந்த ஆண்களும் மலையிறங்கி வருவார்கள். கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் பாதிப் பணம் கரைந்துவிடும் என்பது வேறு கதை!

அயற்கிராமத்துச் சிங்களவர் வெற்றிலை, பாக்கு, பலாக்காய், கித்துள் கருப்பட்டி ஆகியவற்றைக் கொணர்ந்து விரிப்பார்கள். தமிழ்ப்பெண் சிங்களத்தில் விலை கேட்பாள். கிராமத்து மூதாட்டி தமிழில் விடை கூறுவாள். இரு மொழியும் பிழையாகவே பேசப்படும். ஆனால் கணக்கில் பிழை வராது. பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்காத பாடத்தைச் சந்தை கற்றுக்கொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

இவ்விடத்தில் நமது தோட்டத் துரைமார் பலர் பிறந்த ஸ்கொத்லாந்தை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். அங்கே லோரன்ஸ்கேர்க் என்றொரு சிறு சந்தைப் பட்டினம் உண்டு. கார்டன்ஸ்டன் பிரபு என்னும் நீதிபதி அதனை வளர்த்தார். வாரச் சந்தையும் ஆண்டுச் சந்தையும் நடத்தும் உரிமையை 1779இல் அதற்குப் பெற்றுத் தந்தார். மூக்குத்தூள் வைக்கும் மரச்சிமிழ்களுக்கு அவ்வூர் பெயர்பெற்றது. இலங்கைத் தேயிலையின் தந்தை எனப்படும் ஜேம்ஸ் டெய்லர் 1835இல் பிறந்தது அதற்கு அண்மையிலுள்ள கிராமப்புறத்திலேதான். 1867இல் அவர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர்.

அந்த ஊருக்குச் சாசனம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, நிறுவியவர் பெயரும் இருக்கிறது. ஓப்பநாயக்கவின் கடைத்தெருவைத் தம் சம்பளக் காசால் வளர்த்தவர்களுக்கோ அந்த ஊரில் ஒரு முழ நிலமும் சொந்தமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் அவர்களிற் பெரும்பாலோருக்கு நாடும் இல்லாமற் போயிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. பெயர் எழுதப்படாதவர்களின் ஊருக்கு வரலாற்றை யார் எழுதுவது?

1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்றனர். பத்தாண்டு கழித்து அவர்களையும் பாதி பாதியாகப் பங்கிட்டனர். பொருளைத் துறைமுகத்துக்கு ஏற்றிச்சென்ற சிறு வண்டி அதன்பின் மனிதரையும் ஏற்றிச்சென்றது. தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாக ஏறியவர்கள், கொழும்பில் பெரிய வண்டிக்கு மாறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரம் அடைந்தார்கள். தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்று, நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் கொழுந்து பறித்தவர்கள் உண்டு. பிறந்த மண்ணை அவர்கள் ஊர் என்றே குறிப்பிடுவார்கள். போய்ச் சேர்ந்த நாட்டை அல்ல.

அந்தப் பயணங்கள் முடியுமுன்னரே பாதை முடிந்துவிட்டது. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் புகையிரத சேவை நிறுத்தப்பட்டது, இன்றுவரை மீளவில்லை. எஞ்சியோர்க்கும் அமைதி கிட்டவில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சபரகமுவத் தோட்டங்களையும் எட்டின. வவுனியாப் பக்கம் ஓடிய குடும்பங்கள் பல. இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு இங்கேயே இருந்தவர்களிற் பலருக்கு, 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே குடியுரிமை கிடைத்தது.

சென்ற முறை நான் அங்கு இறங்கியபோது, தேநீர்க் கடையொன்றில் இருந்த முதியவரிடம் பழைய ஸ்டேஷன் எங்கே என்று வினவினேன். எழுந்து வந்து, கைத்தடியால் ஒரு திக்கைக் காட்டினார். “அந்தப் பக்கந்தானுங்க. எங்க அக்கா அங்கதான் வண்டி ஏறுச்சு. நான் கொண்டுபோய் ஏத்திவிட்டேன்,” என்றார்.

“பிறகு பார்த்தீர்களா?”

“கடிதம் வந்திச்சு,” என்றார். அதற்குள் பலாங்கொடைப் பேருந்து வந்துவிட்டது.