இரண்டு பேர் வெட்டும் இறக்கை

விமானம் என்றதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது கிபிர் இரைச்சலும் பதுங்குகுழியும்தான். 2009இல் யுத்தம் முடிந்த பின்பும் அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை.

கனடாவிலுள்ள அண்ணா, றிமோட்டில் இயக்கும் சாகச விமானங்களைப் பொழுதுபோக்காகச் செய்பவர். அவரிடம் போயிருந்தபோது, "இறக்கை வெட்ட ரெண்டு பேர் வேணும், வா தங்கச்சி" என்றார்.

இறக்கையின் உட்பகுதி, மீன்பெட்டி செய்யும் அதே ரெஜிபோம்தான். கட்டியின் இரு முனைகளிலும் இறக்கை வடிவ அச்சுப்பலகைகளைப் பொருத்தி, மின்சாரத்தில் சூடேறிய மெல்லிய கம்பியை அவற்றின்மேல் இருவர் இழுக்க வேண்டும். விமான உடலோடு சேரும் பக்கத்து அச்சு நீளம்; நுனிப்பக்கத்தது கட்டை. ஆனாலும் கம்பி இரு பக்கமும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக முடிய வேண்டும். அதற்காக இரு அச்சுகளிலும் ஒரே எண்ணிக்கையில் கோடுகள் உண்டு. அண்ணா எண்களைச் சொல்லச் சொல்ல, கட்டைப்பக்கம் நின்ற நான் மெதுவாக நகர்ந்தேன். ஒருவர் தரித்து நின்றால் அந்த இடம் உருகிப் பள்ளமாகிவிடும்.

தலைகீழாகவும் பறக்க வேண்டியதால் இறக்கைக்கு மேலும் கீழும் ஒரே வளைவு. பின்பு இருபுறமும் 1.5 மில்லிமீற்றர் பல்சா மரத்தகட்டை எபொக்சிப் பசையால் ஒட்டினோம். தனித்தனியே இலகுவில் முறிபவை சேர்ந்ததும் உறுதியாகின. அதைக் கையில் தூக்கியபோது, விமானம் முதற்தடவையாக எனக்கு மனிதர் செய்த ஒரு பொருளாகத் தெரிந்தது.

எமது மாதர் குழுக்களில் இதை நான் சொல்வதுண்டு. இழப்பிலிருந்து மீள எல்லோருக்கும் தூரம் ஒன்றல்ல. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்குப் பாதை மிக நீளம். தூரம் குறைந்தவர் முன்னே ஓடாமல், மற்றவரின் எண்ணைக் கேட்டு நடப்பதே துணை.