கூடப்போற ராத்தா

இலங்கையில் பொத்துவிலை ஒட்டிய எங்கள் உல்லையை வெளியூர்க்காரர் அறுகம்பே என்பார்கள். அலைச்சறுக்க வருகிறவர்களுக்கு அது சித்திரையில் தொடங்கி ஐப்பசியில் முடிகிற ஊர். எங்களுக்கு வருசம் முழுக்க அதுதான். எனக்கு இப்போது 68 வயது. பொத்துவிலில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. "கூடப்போற ராத்தா" என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். பொலிஸுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோட்டுக்கு, காதி நீதிமன்றத்துக்கு என்று அடிபட்ட பெண்களோடு கூடப் போய்ப் போய் வந்த பெயர் அது.

சுனாமிதான் என்னை இந்த வேலைக்குள் கொண்டுவந்தது. 2004 மார்கழி 26க்குப் பிறகு தகரக் கொட்டில்களில் இருந்தோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மௌத்தாகியிருந்தார்கள். ஆள் போய், தோணி போய், தொழில் போய் எல்லாரும் உடைந்திருந்த காலம். நான் நிவாரண அட்டை எழுதித் திரிந்தேன். முன்பு கல்வீட்டுச் சுவருக்குள்ளே நடந்தது இப்போது தகரத்துக்குப் பின்னால் நடந்தது. ஒரு கொட்டிலில் விழுந்த அடி நாலு கொட்டிலுக்குக் கேட்டது. காலையில் அந்தப் பெண் குழாயடிக்கு வரும்போது எல்லாரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நானும் வாளியைத்தான் பார்த்தேன்.

2006இல் கல்முனையில், அடிபட்ட பெண்களுக்குத் துணைநிற்கப் பழக்குகிற ஒரு பயிற்சி நடந்தது. மருதமுனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று பல ஊர்களிலிருந்து தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களுமாக வந்திருந்தோம். ஊரில் புருசன் பெண்சாதி சண்டையைத் தீர்த்துவைப்பதில் எனக்கு ஒரு பேர் இருந்தது. இதில் எனக்குப் படிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் பஸ் ஏறினேன்.

பயிற்சி தந்த மட்டக்களப்பு அக்கா முதல்நாள் எங்கள் கையில் பத்துப் பத்துப் புளியங்கொட்டை தந்தார். ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், மற்றவள் கேட்க வேண்டும். கேட்கிறவள் புத்தி சொன்னால் ஒரு கொட்டையைக் கீழே வைக்க வேண்டும். "பொறுமையா இரி புள்ள" என்றேன், ஒன்று போனது. "புள்ளையள நினைச்சுப் பாரு." இரண்டாவது. "தொழில் இல்லாத ஆம்புளைக்குக் கோவம் வரத்தானே செய்யும்." மூன்றாவது. ஐந்து நிமிசம் ஆகவில்லை, என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எதிரில் இருந்த பிள்ளை சொல்ல வந்ததில் பாதியைக்கூடச் சொல்லியிருக்கவில்லை. இருபது வருசமாக நான் தீர்த்துவைத்த சண்டைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் ஒரு சக்கரத்தைச் சுவரில் ஒட்டினார்கள். அமெரிக்காவில் டுலூத் என்ற நகரில், அடிபட்ட பெண்களிடமே கேட்டு 1980களில் வரைந்த படம் அது. வெளி வளையத்தில் அடியும் பாலியல் வன்முறையும். உள்ளே எட்டு ஆரைகள்: மிரட்டுவது, ஆட்களோடு அண்டவிடாமல் வைப்பது, காசைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுவிப்பது, பிள்ளைகளைக் காட்டிப் பயப்படுத்துவது என்று வரிசையாகப் போனது. பின்வரிசையில் இருந்த ஒரு இளம்பெண் மெல்லச் சொன்னாள்: "இது எங்கட வாப்பாட சக்கரம்." அதற்குப் பிறகு தேத்தண்ணி வரும்வரைக்கும் யாரும் கதைக்கவில்லை.

சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளுக்காகப் பொலிஸும் கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள்வரை, விசாரித்துத் தருவது 12 மாதம்வரை செல்லும். "எங்களுக்குத்தான் தனிச்சட்டம் இருக்கே" என்று ஒரு முஸ்லிம் பெண் கேட்டாள். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் சட்டமும் காதியும் விவாகம், விவாகரத்து, தாபரிப்புக்கு. அடியைத் தடுக்க வந்த இந்தச் சட்டம் நாட்டில் எல்லாருக்கும் என்று அக்கா விளக்கினார். இது தெரியாத பெண்கள் இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் நிறைய.

எங்கள் கரையில் இன்னொன்று உண்டு. வாப்பா வீடு கட்டி மகளுக்குக் கொடுப்பார். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவார். உறுதி பெண் பேரில். அப்படியிருந்தும் அடி விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்குகிறவள் அவள்தான். சுனாமிக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பேரையே பல இடங்களில் எழுதியதால் அந்தப் பிடியும் நழுவியது. கட்டளை கேட்டால் அடித்தவரை அந்த வீட்டுக்குள் நுழையவிடாமல் தடுக்கலாம் என்று கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் ஏன் ஓட வேண்டும்?

அந்த வேகத்தோடு ஊருக்கு வந்ததுதான் என் பெரிய பிழை.

22 வயதுப் பிள்ளை, இரண்டு குழந்தை. மணிக்கட்டு வீங்கி வந்தாள். அன்றைக்கே கையைப் பிடித்து ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். வாங்கின் ஓரத்தில் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு அவள் இருந்தாள், நான் கதைத்தேன். பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று படித்திருந்த நானே அதைக் கேட்கவில்லை. என் வாயால் வந்த கதைக்கு அவள் கையெழுத்து வைத்தாள். மூன்றாம்நாள் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினாள். அதற்குப் பிறகு ஒழுங்கையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

எனக்குக் கோபம். அக்காவுக்குக் கோல் எடுத்து முறையிட்டேன். அவர் கேட்டது இதுதான்: "அவ போன ராவு அந்த வீட்டில என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சீங்களா?" விட்டுப் போகத் துணியும் வேளைதான் ஆபத்துக் கூடிய வேளை என்று கொப்பியில் எழுதியிருந்தேன். புருசன் எப்போது எப்படி மாறுவார் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவள் கணக்குப் பார்த்துப் பின்வாங்கியிருந்தாள். நான் அதைப் பயம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது சின்ன வேலை. வெள்ளிக்கிழமைகளில் எதையாவது அவித்தால் ஒரு கோப்பையில் போட்டு மூடி அவள் மூத்த பிள்ளை கையில் கொடுத்துவிடுவேன். கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. கோப்பை கழுவித் திரும்பி வரும். 14 மாதம் இப்படியே போனது. ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு அவளே வந்தாள், கையில் துணிப்பையோடு. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாப்பா எழுதிக் கொடுத்த வீட்டு உறுதி.

"ராத்தா, நாளைக்கிக் கூட வாறீங்களா?"

கோட்டில் நான் சின்னதை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தலோடு பின்வாங்கில் இருந்தேன். கதைத்தது முழுக்க அவள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அன்று பின்னேரம் அவள் தன் வீட்டுக்குப் போய் உள்ளேயிருந்து கதவைப் பூட்டினாள்.

இப்போது என்னிடம் இந்த வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது வாய்க்குக் கஷ்டமான விசயம். பலாத்காரத்துக்கு ஆளான ஒருத்திக்கு முதலில் தோன்றுவது குளிக்க வேண்டும் என்பதுதான். சுத்தம் பார்க்கிற எங்கள் பெண்களுக்கு அது இன்னும் கூட. குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல், கடுதாசிப் பையில் போட்டெடுத்துக்கொண்டு சட்ட வைத்திய அதிகாரியிடம் போனால் சான்று அழியாமல் இருக்கும். இதை அதட்டிச் சொல்லக் கூடாது. குளித்துவிட்டாள் என்றால், "ஏன் குளிச்ச?" என்று கேட்கவே கூடாது, அப்படியே கூட்டிப் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்போது "நட்பு நிலையம்" இருக்கிறது. எங்கள் காலத்தில் அது இருக்கவில்லை.

2019இல் அரசாங்கம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருத்தி, அந்தத் துணையின் கையால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறாள். கலியாண வீட்டில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் உட்காருகிறோம். இதைப் படிக்கிற நீங்களும் ஏதோ ஒரு சஹனில் அப்படி ஒருத்தியோடு கை நனைத்திருப்பீர்கள். அவள் உங்களிடம் வந்தால் முதலில் முழுதாய்க் கேளுங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தைச் சொல்லுங்கள். அவள் புறப்படுகிற அன்றைக்கு உங்கள் வேலையை ஒரு நாள் ஒதுக்கிவைத்து அவளோடு பஸ் ஏறுங்கள்.