அங்கவடியின் அளவு



மும்பையில் வாழும் நம்மில் அநேகர் மாத்தேரானுக்குச் சென்று வந்திருப்பீர்கள். நேரலிலிருந்து மலையேறும் கார்கள் தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிடும். அதற்கு மேல் செம்மண் பாதை. சிறிய இரயில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சபைக் குடும்பங்களாய்ச் சென்ற அன்று அதில் இடமில்லை. ஆகவே குதிரை ஏறினோம். வேதாகமக் கல்லூரியில் எனக்கு எபிரெய இலக்கணம் கற்பித்தார்கள். குதிரையேற ஒருவரும் கற்பிக்கவில்லை.

சேணத்தின் இருபுறமும் தோல்வாரில் தொங்கும் இரும்பு வளையமே அங்கவடி. குதிரைக்காரர்கள் ரகாப் என்பார்கள். எனக்கு முன் அந்தக் குதிரையில் வந்தவன் ஒரு பள்ளிச் சிறுவன். அவனுக்காகக் குறுக்கிய வாரிலேயே நான் கால்களை நுழைத்தேன். முழங்கால்கள் வயிற்றை நோக்கி மடங்கின. நீட்டித் தரும்படி கேட்க வெட்கப்பட்டேன். போதகர் பயப்படுகிறார் என்று வாலிபர் நகைப்பார்களே! இறங்கியபோது நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஒரு வாரம் முழங்காற்படியிடவும் இயலவில்லை என்றால் நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வேளையில் வயது சென்ற குதிரைக்காரர் ஒருவர் நான் கேளாமலே அளவெடுத்தார். நீங்களும் செய்யலாம். குதிரையின் அருகே நின்று, வார் சேணத்தோடு சேருமிடத்தில் விரல்நுனியை வைத்துக் கையை நீட்டுங்கள். அங்கவடியைக் கையின் அடிப்புறமாய் இழுத்தால் அது அக்குளைத் தொடவேண்டும். இது ஏறத்தாழவே, கை நீண்டு கால் குறுகியவர்களுக்குப் பொருந்தாது. ஆகையால் ஏறி அமர்ந்தபின் பாதங்களை விடுவித்துக் கால்களைத் தளரத் தொங்கவிடுங்கள். அங்கவடியின் அடிப்பாகம் கணுக்கால் எலும்பின் மட்டத்தில் இருந்தால் புதியவருக்கு அது நல்ல அளவு. பிறகு பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றி, குதிகாலைச் சற்றுத் தாழ்த்துங்கள்.

வார் மிக நீண்டால் விரல்நுனியால் அங்கவடியைத் தேட நேரிடும். குதிகால் உயரும், உடல் முன்னே சாயும். பந்தய ஜாக்கிகள் மிகக் குறுகிய வாரில் எழுந்து நிற்பதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அது வேகத்திற்கானது, சுகத்திற்கானது அன்று. (பந்தயத்தை நான் சிபாரிசு செய்வதாக எண்ணவேண்டாம்.) எப்போதும் இடப்புறமாகவே ஏறுவதால் இடது வார் நாளடைவில் நீண்டுபோகும், துளைகளை எண்ணுவது போதாது, எதிரே நின்று இரண்டும் சமமாய்த் தொங்குகின்றனவா என்று பாருங்கள்.

அப்பொழுதுதான் நம் சபைச் சிறுமி ஒருத்தி வேறொரு குதிரையில் இருக்கக் கண்டேன். கடைசித் துளையிலும் அங்கவடி அவளுக்கு எட்டவில்லை. குதிரையை நடத்தியவர் அவள் பாதங்களை மேலே வாரின் இடுக்கிலேயே செருகியிருந்தார். அங்கவடியில் ஊன்றிய பாதம் விழும்போது கழன்றுகொள்ளும்; வாரில் சிக்கிய பாதம் கழலாது. குதிரை மிரண்டு ஓடினால் பிள்ளை இழுபடுவாள். காலையில் என் வாயைக் கட்டிய வெட்கம் அப்போது வரவில்லை. நிறுத்தச் சொன்னேன். பணம் கொடுத்தாயிற்றே என்று அவள் தகப்பன் வருத்தப்பட்டார். நான் விடவில்லை.

அவளும் நானும் தஸ்தூரி வரைக்கும் நடந்தே வந்தோம். வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை.