தாராவுக்கு வந்த நோய்

தன் நோவை வாய்விட்டுச் சொல்ல இயலாத சீவன்களை வீட்டில் வைத்துப் பேணுவோர் ஒன்றை மறத்தலாகாது. பறவையினம் நோயை மறைக்கும் இயல்புடையது. கூட்டத்திலே சோர்ந்து நிற்கும் பறவையே வேட்டை விலங்கின் கண்ணுக்கு முதலில் தெரியும். ஆதலால் நிற்க முடிந்தவரை அது நிற்கும். தின்ன முடிந்தவரை தின்பதுபோற் பாவனை செய்யும். காலையில் நன்றாய் இருந்தது, மாலையில் விழுந்துவிட்டது என்று வீட்டார் திகைப்பதற்கு இதுவே காரணம்.

இலண்டன் புறநகர் ஒன்றில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று வீட்டின் பின்வளவிலே மூன்று வாத்துகளை வளர்த்து வந்தது. வாத்தைத் தாரா என்பதே அவர்களின் ஊர் வழக்கு. காக்கி காம்பெல் என்னும் ஆங்கில இனம், முட்டைக்குப் பேர்போனது. பதினொரு வயது மகளின் ஆசைக்காக வாங்கியவை. ஆயினும் அவற்றோடு அதிகம் பேசியவர் ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருந்த அப்பம்மாவே. தாம் உண்ணுமுன் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். இலண்டனிலும் அவர் அதைக் கைவிடவில்லை. வேலியோரம் அவர் வைத்த சோற்றைக் காகங்களும் புறாக்களும் தின்றன. மிஞ்சியது தாராக்களுக்கு ஆயிற்று.

2022ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி, லிங்கன்ஷயரில் உள்ள கொனிங்ஸ்பியில் வெப்பம் 40.3 பாகை செல்சியசைத் தொட்டது. ஐக்கிய இராச்சியத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டியது அதுவே முதல் முறை. அதற்கு இரண்டு நாட்களின் பின் ஒரு மாலை, மூன்று தாராக்களுள் இளையதான சின்னி கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை. தண்ணீர்த் தொட்டியின் அருகே நெஞ்சு நிலத்தில் பட, கால்கள் பின்னே நீண்டு கிடந்தது. சிறகுகள் தொங்கின. கழுத்தைத் தூக்க இயலாமல் அலகைப் புல்லிலே சாய்த்திருந்தது. கண்கள் மட்டும் விழித்தபடி ஆட்களைத் தொடர்ந்து பார்த்தன.

அப்பம்மா உடனே உள்ளே போய் மஞ்சளும் உள்ளியும் இட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தார்; குழந்தைக்குப் பால் பருக்கும் சங்கையும் தேடி எடுத்தார். மருமகள் தொலைபேசியை எடுத்தார். இரண்டு மிருக வைத்திய நிலையங்கள் தாராக்களைப் பார்ப்பதில்லை என்று கைவிரித்தன. மூன்றாவது நிலையத்தில் ஒரு வைத்தியர் பொறுமையாகக் கேள்விகளை அடுக்கினார். வேறு தாரா ஏதும் திடீரென இறந்ததா? தலை வீங்கியுள்ளதா? மூச்சு வாங்குகிறதா? அப்போது நாடெங்கும் பறவைக் காய்ச்சல் பரவியிருந்த காலம். அந்நோய் என்ற சந்தேகம் எழுந்தால் அரச மிருக சுகாதாரப் பிரிவுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில் கிடைத்த பின், பறவையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும்படியும், உள்ளே வராமல் வாகனத்திலேயே காத்திருக்கும்படியும் சொன்னார். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: "வாய்க்குள் எதையும் ஊற்ற வேண்டாம்."

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. தாராவின் மூச்சுக்குழல் வாயில் நாக்கின் அடியிலேயே திறக்கிறது. நலமான பறவை விழுங்கும்போது அதை மூடிக்கொள்ளும். தளர்ந்த பறவைக்கு அது இயலாது. அன்போடு ஊற்றும் ஒரு கரண்டித் தண்ணீரும் நுரையீரலுக்குள் இறங்கி உயிரை வாங்கிவிடும். அப்பம்மா சங்கைத் திரும்ப வைத்தார்.

வாகனத் தரிப்பிடத்தில் வைத்தே வைத்தியர் பறவையைச் சோதித்தார். பொட்டுலிசம் என்னும் நச்சு நோயாகவே தெரிகிறது என்றார். மண்ணிலும் சேற்றிலும் உறங்கிக் கிடக்கும் ஒருவகைக் கிருமி, கடும் வெப்பத்தில் காற்றுப் புகாத அழுகலிலே பெருகி நஞ்சைச் சுரக்கிறது. செத்த பிராணியில் நெளியும் புழுக்கள் அந்நஞ்சை உடம்பில் ஏந்தியும் தாம் சாவதில்லை. அவற்றுள் சிலவற்றைத் தின்னும் பறவைக்கோ நரம்பு தசையை ஏவும் வழி அடைபட்டுப் போகிறது. முதலில் கால், பின்பு சிறகு, கடைசியிற் கழுத்து என்று சோர்வு ஏறும். மூச்சுத் தசை ஓய்ந்தாலோ, கழுத்துத் தொய்ந்து ஆழமற்ற தண்ணீரிலே தலை அமிழ்ந்தாலோ மரணந்தான்.

முறிவு மருந்து கைக்கெட்டும் இடத்தில் இல்லை. இரண்டு வழிகளே இருந்தன. வேதனையின்றி அன்றிரவே முடித்துவிடலாம்; அல்லது வீட்டிலே வைத்துப் பார்க்கலாம். பிழைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. மகனுக்கு மறுநாள் விடிய முன் வேலை. வைத்தியச் செலவோ ஒரு தாராவின் விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிட்டது. அவர் தயங்கி நின்றார். பேத்தி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பம்மா, இது செத்துப் போகுமோ?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. ஆனா இண்டைக்கு இரவு இது தனியக் கிடவாது."

அத்தோடு முடிவாயிற்று. வைத்தியர் மெல்லிய குழாய் மூலம் இரைப்பைக்குள் நீர் செலுத்தினார். பழகாதவர் வீட்டிலே செய்யத்தகாத வேலை அது. செய்யத்தக்கவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டின் குளிர்ந்த அறையில், அகன்ற பெட்டிக்குள் துவாய்களை விரித்துச் சின்னியை நெஞ்சு படிய அமர்த்தினார்கள். சுருட்டிய துவாயொன்றைக் கழுத்தின் கீழ் வளையமாக வைத்து அலகு தாழாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரே பக்கம் கிடந்து புண்ணாகாதபடி சில மணிக்கு ஒருமுறை இடம் மாற்றினார்கள். இமை அசையாமையாற் கண் உலராதிருக்க உப்புநீர்த் துளிகளை விட்டார்கள். ஈ மொய்க்காதபடி பின்புறத்தைக் கழுவித் துடைத்தார்கள். அப்பம்மா விரல் நுனியில் தண்ணீரைத் தொட்டு அலகின் ஓரத்திலே ஒரு துளி வைப்பார். அது விழுங்கியதைக் கண்ட பின்பே அடுத்த துளி. "அம்மா, நீங்கள் போய்ப் படுங்கோ" என்று மகன் இருமுறை வந்து சொன்னார். அவர் எழவில்லை. பேத்தி நேரத்தையும், எச்சமிட்டதையும், சமையலறைத் தராசிற் கண்ட நிறையையும் கொப்பியில் எழுதினாள்.

வெறுந் தண்ணீரா மருந்து என்று எண்ணுவோர் ஒரு செய்தியை அறிதல் நன்று. 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரிப் பக்கத்துச் சதுப்புகளிலே காட்டுத் தாராக்கள் பெருந்தொகையாய் மடிந்தன. ஆராய வந்த அலெக்சாண்டர் வெட்மோர், உப்பு மண்ணின் காரமே நஞ்சு என்று கருதினார். அது பொட்டுலிசம் என்பது 1930ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. ஆயினும் நோயுற்ற பறவைகளைச் சதுப்பிலிருந்து அகற்றி நல்ல தண்ணீர் கொடுத்தபோது பல பிழைத்ததை அவர் கண்டிருந்தார். காரணத்தைப் பிழையாக விளங்கிய நிலையிலும் பராமரிப்புப் பலன் தந்தது.

மறுநாட் காலை மற்ற இரு தாராக்களையும் வேறாக அடைத்துவிட்டு, நஞ்சு எங்கிருந்து வந்தது என்று வளவைத் தேடினார்கள். வேலியோரத்துப் பற்றைக்குள், அப்பம்மா சோறு வைக்கும் இடத்திலிருந்து நாலு முழம் தள்ளி, ஒரு புறா செத்து அழுகிக் கிடந்தது. புழு நெளிந்தது. சோற்றுக்கு வந்த புறாவாக இருக்கலாம். வெப்பத்தில் வீழ்ந்ததாகவும் இருக்கலாம். மகனின் வாய்வரை ஒரு சொல் வந்தது. தாயின் முகத்தைக் கண்டதும் அதை விழுங்கிக்கொண்டார். கையுறை அணிந்து புறாவை இரட்டைப் பையில் இட்டு அகற்றினார். தொட்டி நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவினார். அன்று பகல் அப்பம்மா சாப்பிட மறுத்துவிட்டார். பேத்திதான் கோப்பையைக் கொண்டுவந்து, "நீங்கள் சாப்பிட்டாத்தான் சின்னியைப் பார்க்கலாம்" என்று பக்கத்தில் இருந்தாள்.

இரண்டாம் நாள் மாலை சின்னி அலகைத் துவாயிலிருந்து தானாக உயர்த்தியது. மூன்றாம் நாள் கிண்ணத்திலே தானே தண்ணீர் பருகியது. ஐந்தாம் நாள் எழுந்து, இரண்டடி வைத்து விழுந்து, மறுபடி எழுந்தது. ஒரு கிழமைக்குப் பின்னரே தொட்டியில் இறங்க விட்டார்கள்.

இந்நாட்டில் தாரா, கோழி வளர்ப்போர் அறியவேண்டிய சட்டம் ஒன்றையும் வைத்தியர் அப்போது எடுத்துச் சொன்னார். வீட்டுச் சமையலறையில் மிஞ்சிய உணவை அவற்றுக்கு இடுவது இங்கு குற்றம். செல்லமாய் வளர்ப்பவற்றுக்கும் இது பொருந்தும். பால், நெய், முட்டை முதலிய பிராணிப் பொருள் எதுவுமே நுழையாத வீட்டுக்குத்தான் விலக்கு. ஆகவே சைவச் சாப்பாடு மட்டும் சமைக்கும் வீடாயினும், மோரும் நெய்யும் புழங்கினால் அங்கிருந்து ஒரு பிடி சோறும் தாராவுக்குப் போகலாகாது. மேலும் 2024 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரேயொரு தாரா வைத்திருப்பவரும் அதைப் பதிவு செய்தல் வேண்டும்.

காகத்துக்குச் சோறு வைப்பதை அப்பம்மா நிறுத்தவில்லை. வீட்டின் முன்புறத்திலே, தாராக்கள் நுழையாத இடத்தில், மதில்மேல் ஒரு தட்டு வைத்து, தின்று முடிந்ததும் கழுவி எடுத்து வைக்கிறார். பின்வளவுப் பற்றைகளை நாள்தோறும் பார்ப்பது பேத்தியின் வேலை. தாராவைப் பார்க்கும் மிருக வைத்தியரின் இலக்கம், நோய் வருமுன்னரே தேடி எழுதப்பட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.