கலப்பைத் தட்டில் சுட்ட தோசை

‘அப்பா, நாலு நாள் காட்டுக்குள்ள தங்கிட்டு வரலாம். வீடு கொடுப்பாங்க, சமையல் நம்மளோடதுதான்’ என்று ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகன் சொன்னபோது, என் வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி: ‘அங்க சிங்கம் இருக்கும்னு சொல்றாங்க, அடுப்பு இருக்குமா?’

இருந்தது. தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் தங்குகிறார்கள். கம்பி வேலி போட்ட முகாமுக்குள் புல் கூரை வேய்ந்த சின்னச் சின்ன வீடுகள். திண்ணையிலேயே அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, பாத்திரங்கள். முற்றத்தில் கறி சுட இரும்புத் தட்டி. அரிசி, பருப்பு, காய்கறியை நாம் கொண்டுபோக வேண்டும். வேலிக்கு உள்ளே மனிதர், வெளியே யானையும் சிறுத்தையும். பூங்காவின் பரப்பு கிட்டத்தட்ட 20 லட்சம் ஹெக்டேர். 1898-ல் வேட்டையைத் தடுக்கக் காப்பகமாக ஒதுக்கிய இடம், 1926-ல் தேசியப் பூங்காவானது.

நாங்கள் போனது நவம்பர் கடைசி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர். முதலில் கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளக் காடு. மலை இறங்கியதும் ஆரஞ்சுத் தோப்புகள், பிறகு கரும்பு. மலலேன் என்ற ஊரில் சர்க்கரை ஆலையே இருக்கிறது. அங்கே சாமான் வாங்கிக்கொண்டு முதலை ஆறு என்று பெயர் வைத்திருக்கும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பூங்கா வாசல். ஆற்றுக்குத் தெற்கே கரும்பு, வடக்கே சிங்கம். வெள்ளாமைக்கும் காட்டுக்கும் நடுவே இவ்வளவு சுத்தமாகக் கோடு போட்ட இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தக் கோட்டுக்காக யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது திரும்பி வரும் நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பகுதியைப் ‘புஷ்வெல்ட்’ என்கிறார்கள். புதர்க்காடு நிறைந்த மேய்ச்சல் வெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக்காரனான எனக்கு அது வெளிநாடாகவே தெரியவில்லை. முதல் நாள் காலையில் வண்டி ஓரமாக நின்றபோது கண்ணாடிக்கு வெளியே ஒரு முள் மரம். பாதி ஊதா, பாதி மஞ்சளாகக் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும் பூ. நம் விடத்தலை! டிராக்டர் டயரைக் குத்திக் கிழிக்கிற அதே சனியன். அங்கும் இயல்பாக வளர்கிற மரம்தான். மேய்ச்சல் அதிகமாகி, புல் குறைந்த நிலத்தில் அது புகுந்து அடைத்துக்கொள்கிறது என்று அந்த ஊர்ப் பண்ணைக்காரர்களும் புலம்புகிறார்களாம். ஆனால் அதன் விறகு நின்று எரியும், கங்கு நெடுநேரம் அணையாது என்பதால் கறி சுடுவதற்கு அதற்குத் தனி மரியாதை. பூங்காவுக்குள் சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது. முகாம் கடையில் மூட்டையாக வாங்க வேண்டும். காசு கொடுத்து விடத்தலை விறகு வாங்கும் நிலை எனக்கும் வந்தது.

கருவேலமும் இருக்கிறது. மர நிழலில் ஆள் உயரத்துக்கு நிற்பது கினியா புல். திறந்த வெளியில் கொழுக்கட்டைப் புல். நாம் கரணை வாங்கி நட்டு, தண்ணீர் கட்டி வளர்க்கிற தீவனம் அங்கே யானைக்கும் வரிக்குதிரைக்கும் சும்மா கிடைக்கிறது. கம்பு நேப்பியரில் உள்ள நேப்பியருக்கும் ஆப்பிரிக்காதான் தாய்வீடு. சாலையில் கூட்டமாக ஓடிய கினிக்கோழிகளைப் பார்த்து, ‘யாரு வீட்டுக் கோழிங்க இது?’ என்றாள் என் வீட்டம்மா. யார் வீட்டுக் கோழியும் இல்லை.

முதல் இரண்டு இரவு பெர்க்-என்-டால் முகாம். அடுத்த இரவு லோயர் சாபி. நவம்பரில் முகாம் வாசலை விடிகாலை 4.30 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 6.30-க்குள் திரும்பிவிட வேண்டும். தார்ச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகம், மண் சாலையில் 40. அதற்கு மேல் போனால் அபராதம். அனுமதித்த இடம் தவிர எங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. காலையில் கிளம்பி, வெயில் ஏறியதும் திரும்பி, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, மூன்றரைக்கு மறுபடி கிளம்புவது எங்கள் வழக்கம். உழவனுக்குப் பழகிய நேரம்தான் இது. பேரன்தான் எழ மாட்டேன் என்றான்.

சிங்கத்தை ஒரே ஒரு தடவை, தூரத்தில் பார்த்தோம். எனக்கு அதைவிடப் பிடித்தது இம்பாலா மான்கள். வெள்ளாட்டுக்குச் சற்றுப் பெரிய உருவம். மழை தொடங்கியதும் சில வாரங்களுக்குள் பெட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகக் குட்டி போடுகின்றன. அத்தனை குட்டியையும் ஓநாயோ சிறுத்தையோ தின்று தீர்க்க முடியாது என்பதுதான் கணக்கு. (ஓநாய் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அங்கே இருப்பது கழுதைப்புலியும் காட்டுநாயும்.) லோயர் சாபிக்குப் பக்கத்தில் ஒரு குளம். அதன் கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நீர்யானை, முதலை, கொக்கு என்று தானாகவே வரும். வண்டியைச் சுற்றி ஓட்டுவதைவிட நிறுத்திவைத்துப் பார்ப்பதே மேல்.

துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டிகளோடு காலை நடைக்கும் போகலாம். முன்பதிவு வேண்டும், 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. அதில்தான் காட்டெருமை முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் சிவப்பு மூக்குப் பறவையைப் பார்த்தேன். ஒரு காலத்தில் மாட்டு உண்ணிக்கு ஆர்சனிக் கலந்த தண்ணீரில் மாட்டை முக்கி எடுத்தார்கள். அந்த விஷம் ஏறிய உண்ணியைத் தின்ற பறவைகள் பண்ணைப் பக்கமே அழிந்துபோயின என்று வழிகாட்டி சொன்னார்.

இனி தோசை. வழியில் ஆஃப்சால் என்ற இடத்தில் இறங்கிச் சமைக்க அனுமதி உண்டு. எரிவாயு அடுப்பும் அகலமான குழிந்த இரும்புத் தட்டும் வாடகைக்குத் தருகிறார்கள். தட்டைப் பார்த்ததும் எங்கோ பார்த்ததுபோல இருந்தது. ‘ஸ்காட்டல்’ என்று பெயர். அந்த நாட்டுப் பண்ணைக்காரர்கள் தேய்ந்த டிஸ்க் கலப்பைத் தட்டில் கறி வதக்கத் தொடங்கியதில் வந்ததாம். கொண்டுபோன மாவை ஊற்றினோம். குழிவாக இருப்பதால் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் ஆப்பம் மாதிரி வந்தது. பக்கத்து மேசையில் இருந்த குடும்பத்துக்கு நாலு கொடுத்தோம். அவர்கள் எங்களுக்குச் சோளமாவுக் களி கொடுத்தார்கள். ‘பாப்’ என்கிறார்கள், நம் கேழ்வரகுக் களியின் வெள்ளைத் தம்பி. தொட்டுக்கொள்ள ஒரு கீரை மசியல். குரங்கு மட்டும் கவனம். தட்டிலிருந்து தோசையைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது ஒன்று.

போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று: அது மலேரியா பகுதி, அதிலும் மழைக்காலத்தில் கொசு அதிகம். கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விலங்குகளை எளிதாகப் பார்க்க வேண்டுமென்றால் மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட காலம் நல்லது.

நான்காம் நாள் வெளியேறும் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். ‘பச்சை இறைச்சி இருக்கிறதா?’ என்று காவலர் கேட்டார். மலலேனில் வாங்கிய ஆட்டுக்கறியில் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார். எனக்குச் சுர்ரென்றது. அவர் ‘கோமாரி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். மகன் மொழிபெயர்ப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

2013-ல் எங்கள் வட்டாரத்தில் கோமாரி வந்தபோது என்னிடம் இரண்டு கறவை. ஒன்று குளம்பு கழன்று, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆறாம் நாள் செத்தது. பிழைத்த மாடு அதன் பிறகு பழைய பாலில் பாதிகூடக் கறக்கவில்லை. அதை நான் சொல்ல, மகன் சொல்ல, அந்த மனிதர் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

அவருக்கும் வேலிக்கு வெளியே கிராமத்தில் மாடுகள் இருக்கின்றன. க்ரூகரின் காட்டெருமைகள் உடம்பில் கோமாரிக் கிருமியைச் சுமந்து திரிகின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை, வீட்டு மாட்டுக்குத்தான் ஆபத்து. மேற்கு எல்லை வேலி போட்டதே இதற்காகத்தான். யானை வேலியைச் சாய்க்கும், வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். 2000 பிப்ரவரி வெள்ளத்தில் வேலி பல இடங்களில் போனது. எருமை வெளியே வந்தால், வேலியோரக் கிராமத்து மாட்டை வெளியூர்ச் சந்தைக்கு ஓட்டிப்போக முடியாது. உள்ளூர் ஆள் கேட்ட விலைக்குத்தான் தள்ளிவிட வேண்டும். 2019 ஜனவரியில் நோய் கட்டுப்பாட்டுப் பகுதியைத் தாண்டிப் பரவியபோது, கோமாரி இல்லாத பகுதி என்ற சர்வதேச அங்கீகாரமே நிறுத்திவைக்கப்பட்டது. இத்தனைக்கும் வேலிக்குள் போய்ச் சிங்கம் பார்க்கும் காசு அவர்கள் வீட்டு மாட்டுக்கு வருவதில்லை. இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்று நாம் சொல்வதுபோலச் சொன்னார்.

‘உங்கள் ஊரில் தடுப்பூசி யார் போடுகிறார்கள்?’ என்று கேட்டார். அரசாங்கமே ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடுகிறது, காதில் வில்லை மாட்டுகிறார்கள் என்றேன். அங்கே இருப்பது வேறு வகைக் கிருமி. நம் ஊர் ஊசி அதற்குக் கேட்காது, அவர்கள் ஊசி நமக்குக் கேட்காது என்பதையும் மகன் விளக்கினான். ‘இலவசமாகப் போடும் ஊசிக்கு எல்லோரும் மாட்டைக் கொண்டுவருகிறார்களா?’ என்றார். சினை மாடு, பால் குறையும் என்று சொல்லி எங்கள் தெருவிலேயே எத்தனை பேர் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்பதை மகனிடம் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. என் வீட்டம்மா கறிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அதோடு சேர்ந்து போன மசாலாப் பொட்டலத்தை மட்டும் கேட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.