துப்பாக்கியோடு மனுக் கொடுக்க வந்தவர்கள்

சட்டசபை அங்கத்தினரைப் பார்க்கப் போகிறவர்கள் நம் ஊரில் என்ன எடுத்துக்கொண்டு போவார்கள்? ஒரு மனு, கூடவே ஓர் எலுமிச்சம்பழம், மிஞ்சினால் ஒரு மாலை. அமெரிக்காவில் வர்ஜீனியா ராஜ்யத்தின் தலைநகரான ரிச்மண்டில், 2020-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி காலை, உறைய வைக்கும் குளிரில், சுமார் 22,000 பேர் வந்து கூடினார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் தோளில் ரைபிளும் இடுப்பில் கைத்துப்பாக்கியுமாக வந்தார்கள்!

புரட்சியோ என்று பதற வேண்டாம். 'எங்கள் துப்பாக்கியைத் தொடாதே' என்று சொல்வதற்காகத் துப்பாக்கியோடு வந்தவர்கள் அவர்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது உங்களை அழைத்துப் போகிறேன்.

ஜேம்ஸ் நதிக்கு மேலே ஷாக்கோ குன்று. குன்றின் மீது, ரோமாபுரிக் கோயில் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தாற்போல், வெள்ளைத் தூண்களோடு நிற்கிறது சட்டசபை மாளிகை. படம் போட்டுக் கொடுத்தவர் தாமஸ் ஜெஃபர்ஸன். பிரான்ஸில் தூதராக இருந்தபோது, நீம் நகரத்துப் பழைய ரோமானியக் கோயிலில் மனதைப் பறிகொடுத்து, 'நமக்கும் இப்படித்தான் வேண்டும்' என்று முடிவு செய்தாராம். சுற்றிலும் புல்வெளி, பெரிய மரங்கள், அணில்கள். அந்த அணில்களுக்கு மனிதர்களிடம் கொஞ்சமும் பயம் கிடையாது.

புல்வெளியில் குதிரை மேல் ஜார்ஜ் வாஷிங்டன். அவர் காலடியில் நிற்கும் பிரமுகர்களில் ஒருவர் ஜார்ஜ் மேஸன். நம் கதைக்கு அவர்தான் முக்கியம். 1776-ல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதியவர். பிரிட்டிஷ் ராஜாவின் பட்டாளம் குடிகளை என்ன பாடு படுத்தும் என்பதைக் கண்டிருந்த தலைமுறை அது. ஆகவே, நிரந்தரப் பட்டாளம் ஆபத்து, ஆயுதப் பயிற்சி பெற்ற குடிமக்களின் படையே நாட்டுக்குக் காவல் என்று அதில் ஒரு ஷரத்தும் சேர்ந்தது. அந்த எண்ணமே பிற்பாடு அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தமாகப் புகுந்தது. 1791 டிசம்பர் 15-ஆம் தேதி வர்ஜீனியா சம்மதம் கொடுத்த பிறகுதான் அந்தத் திருத்தம் அமுலுக்கு வந்தது.

மொத்தம் 27 வார்த்தைகள். முதல் பாதி மக்கள் படையைப் பற்றிப் பேசுகிறது. பின் பாதி ஆயுதம் வைத்துக்கொள்ள மக்களுக்குள்ள உரிமையைப் பற்றி. முன்பாதியைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்சி, பின்பாதியைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்சி! இது தனிமனிதனின் உரிமையும்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2008-ல். அதுவும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில்.

'மக்கள்' என்றால் யார் என்று ஒரு கேள்வியும் இருக்கிறதல்லவா? 1800-ஆம் வருஷம் இதே ரிச்மண்டுக்குப் பக்கத்தில் கேப்ரியல் என்ற கறுப்பு அடிமை, கொல்லுப் பட்டறைத் தொழிலாளி, சுதந்திரம் வேண்டி ஒரு கலகத்துக்குத் திட்டமிட்டான். நகரத்தில் இருந்த ஆயுதங்களைக் கைப்பற்றுவதாக ஏற்பாடு. குறித்த இரவில் பேய்மழை கொட்டி வழியை அடைத்துவிட்டது, விஷயமும் வெளியாகிவிட்டது. கேப்ரியலோடு இருபத்தாறு பேர் தூக்கில் தொங்கினார்கள். ஆறு வருஷம் கழித்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள்கூட லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று வர்ஜீனியா சட்டம் செய்தது. ராஜாவின் பட்டாளத்துக்கு எதிராகக் கேட்ட உரிமை, பக்கத்துத் தோட்டத்து அடிமை கேட்டபோது கலகமாகிவிட்டது.

இனி 2019-க்கு வருவோம். மே 31-ஆம் தேதி, வர்ஜீனியா பீச் நகராட்சிக் காரியாலயத்தில் அங்கேயே வேலை பார்த்த ஒருவன் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகக் கவர்னர் நார்த்தம் ஜூலையில் சட்டசபையை அவசரமாகக் கூட்டினார். தொண்ணூறே நிமிஷத்தில், ஒரு மசோதாவும் நிறைவேறாமல், சபை கலைந்தது! (நம் வீட்டில் கத்திரிக்காய் வாங்குவதற்குக்கூட இதைவிட அதிக நேரம் பேசுகிறோம்.) நவம்பர் தேர்தலில் டெமாக்ரட் கட்சி இரு சபைகளையும் பிடித்தது. கட்டுப்பாடு வரப்போகிறது என்றதும் கிராமப்புறம் கொதித்தெழுந்தது. 'இங்கே அந்தச் சட்டம் செல்லாது' என்ற தோரணையில் தொண்ணூறுக்கு மேற்பட்ட ஜில்லாக்களும் ஊர்களும் தீர்மானம் போட்டன. அதன் உச்சம்தான் ஜனவரி 20.

அன்று சதுக்கத்தைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே ஆயுதம் கூடாது என்று கவர்னர் உத்தரவிட்டிருந்தார். சுமார் 6,000 பேர் சோதனைக்கு உட்பட்டு வெறுங்கையோடு உள்ளே போனார்கள். மற்ற 16,000 பேர் வெளியே வீதிகளில், துப்பாக்கிகளோடு. பெண்களும் இருந்தார்கள். அவர்கள் கட்சியை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. தன்னந்தனியான பண்ணை வீடு. போன் செய்தால் போலீஸ் வர அரைமணி ஆகும். அதுவரை என் குழந்தைகளுக்கு யார் காவல் என்று கேட்கிறார்கள். ஒரு தாய் கேட்கிற கேள்விதானே?

எதிர்க்கட்சியிலும் தாய்மார்களே முன்னணி. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுடப்பட்டு மாண்ட மறுநாள், ஐந்து பிள்ளைகளின் தாயான ஷானன் வாட்ஸ் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவிவிட்டது. சிவப்புச் சட்டை அவர்கள் அடையாளம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் முழுசாகத் திரும்புமா என்பது அவர்கள் கேள்வி.

இந்தச் சதுக்கத்தில் வருஷந்தோறும் அதே நாளில் துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்காக ஓர் அஞ்சலிக் கூட்டம் நடப்பதுண்டு. அந்த வருஷம் அது ரத்தாயிற்று. மிரட்டல்கள் பலமாக இருந்தன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை என்பது வாஸ்தவம். துக்கத்தைச் சொல்ல வர வேண்டியவர்கள் வரவில்லை என்பதும் வாஸ்தவம்தான். ஒருவர் தம் உரிமையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றால், எதிரே நிற்பவருக்குப் பேச நா எழுமா? எனக்கு எழாது.

அன்று கைதானது ஒரே ஒருத்தி, ஓர் இளம்பெண். துப்பாக்கிக்காக அல்ல, முகத்தைத் துணியால் மூடியதற்காக! கு-க்ளக்ஸ்-கிளான் கும்பலை ஒடுக்கப் போட்ட பழைய சட்டம் அது. இரண்டே மாதத்தில் கோவிட் வந்து உலகமே முகத்தை மூடிக்கொண்டது.

அது மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளும்கூட. 1956-ல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பின் கிங் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டார், சர்க்கார் மறுத்தது என்று துப்பாக்கிக் கட்சியார் சொல்லிக்காட்டுவார்கள். உண்மை. பிற்பாடு அவர் ஆயுதத்தையே வேண்டாமென்று விட்டதும், 1968-ல் ரைபிள் குண்டுக்கே பலியானதும் உண்மை. அவர்கள் நம் காந்திஜியையும் விட்டுவைக்கவில்லை. பிரிட்டிஷாரின் ஆயுதச் சட்டத்தைக் கண்டித்து அவர் எழுதியதை எடுத்து நீட்டுவார்கள். 1918-ல் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கப் போட்ட துண்டுப் பிரசுரத்தில் வந்த வாசகம் அது என்பதைச் சொல்வதில்லை.

ஏப்ரலில் சட்டங்கள் வந்தன. துப்பாக்கி விற்றால் வாங்குபவரின் பூர்வோத்தரத்தை விசாரிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக் கூடாது. ஆபத்தான நிலையில் உள்ளவரிடமிருந்து துப்பாக்கியைத் தாற்காலிகமாக எடுத்து வைக்கக் கோர்ட்டு உத்தரவிடலாம். ராணுவ ரகத் துப்பாக்கிகளைத் தடுக்கும் மசோதா மட்டும் செனட் கமிட்டியில் நின்றுவிட்டது. 2021-ல் இந்தச் சதுக்கத்துக்குள்ளேயே துப்பாக்கி கூடாது என்று சட்டமாயிற்று.

புல்வெளியின் மறுபக்கம் வர்ஜீனியப் பெண்மணிகளின் வெண்கலச் சிலைகள். 2019 அக்டோபரில் திறந்தார்கள். பீடம் கிடையாது; நம் பக்கத்தில் நிற்பதுபோல் தரையிலேயே நிற்கிறார்கள். தையல் வேலை செய்து தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கிய எலிசபெத் கெக்லி அவர்களில் ஒருத்தி. அவளைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

மாளிகைக்குள் வட்டக் கூடத்தின் நடுவில் இன்னொரு வாஷிங்டன். பளிங்கில், ஆள் உயரத்தில். பிரெஞ்சுச் சிற்பி ஹூதோன், 1785-ல் வாஷிங்டன் வீட்டுக்கே வந்து தங்கி அளவெடுத்துச் செய்தது. யுத்தம் முடிந்துவிட்டது, வாளைக் கழற்றி ஓரமாகத் தொங்கவிட்டிருக்கிறார். கையில் கைத்தடி. பின்பக்கம் ஒரு கலப்பை இருக்கிறது. முன்னால் நின்று பார்ப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது, சுற்றி வந்து பார்க்க வேண்டும்.

உள்ளே போகக் கட்டணம் கிடையாது. வாசலில் சோதனை மட்டும் போடுவார்கள்.