பெரிய கடை வீதிப் பள்ளிக்கூடத்தின் வேர்

கோவை பெரிய கடை வீதியில் இருக்கும் புனித மைக்கேல் மேல்நிலைப் பள்ளியை எங்கள் ஊரில் ‘மைக்கேல்ஸ்’ என்று சொன்னால் போதும். என் பெரியப்பா அங்கே படித்தவர். பள்ளி தொடங்கிய ஆண்டாகச் சொல்லப்படுவது 1860. கோவை நகராட்சி உருவானதே 1866இல்தான். ஊருக்குள் ரயில் 1873இல் வந்தது, முதல் நூற்பாலை 1888இல். 1871 கணக்கெடுப்பில்கூட மக்கள்தொகை சுமார் 35,000. இத்தனை சிறிய ஊரில், இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கத்தோலிக்கப் பள்ளி ஏன் வந்தது? இதைத்தான் தேடிப் போனேன்.

ஒரு விடை சுலபமாகக் கிடைத்தது. 1854இல் வந்த வுட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்றது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. மெட்ரிகுலேஷன் தேறினால் கச்சேரி உத்தியோகம் என்ற நிலை வந்தது. லண்டன் மிஷன் பள்ளி கோவையில் 1831இலேயே இருந்தது. கத்தோலிக்கர்கள் பின்தங்க விரும்பியிருக்க மாட்டார்கள். இந்த விடையில் தப்பில்லை, ஆனால் எனக்கு நிறைவு வரவில்லை.

பள்ளிக்குப் பக்கத்துப் பேராலயம்தான் வழி காட்டியது. 1850இல் அதைக் கட்டத் தொடங்கியவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். பிரான்சின் காஸ்தல்நோதரியில் 1813இல் பிறந்தவர். 1842இல் புதுச்சேரிக்கு வந்து, பின்னர் அங்கே குருமடத்தை நடத்தினார். 1846 அக்டோபர் 4 அன்று நம் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கொங்குக் கத்தோலிக்கர்களுக்குக் கருமத்தம்பட்டி என்றால் ஜெபமாலை மாதா. பதினேழாம் நூற்றாண்டு இயேசு சபையினர் காலத்திலிருந்தே கிறிஸ்தவர்கள் வாழும் ஊர்.

இந்தியாவில் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி அவர் நினைவுக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்க ஒரே கவலை திரும்பத் திரும்ப வருகிறது. இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கொடுத்து, அவர்களையே குருக்களாக, ஆயர்களாக ஆக்க வேண்டும். வெளிநாட்டவர் வந்த வேலை அதுதான். உடனிருந்த ஐரோப்பியக் குருக்கள் பலருக்கு இந்த அவசரம் இல்லை. சாதி வழக்கங்களைத் திருச்சபை எதுவரை ஏற்கலாம் என்ற சிக்கலும் அவர் மனசாட்சியை விடாமல் அறுத்தது. 1855இல் அவருடைய பதவி விலகலை ரோம் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கி, ஆறே வாரத்தில், ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

அடுத்த ஆண்டு கோவையில் பள்ளி. திறந்தவர் அவரல்லர். ஆனாலும் அவர் விட்டுப்போன கவலையின் தொடர்ச்சியாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். உள்ளூர்ப் பையனால் முடியும் என்று நம்பாதவர்கள் அவனுக்காகப் பள்ளிக்கூடம் கட்ட மாட்டார்கள்.

கட்டியவர்கள் ஒரு மதத்தாருக்கென்று நினைத்திருந்தாலும், வீதி அப்படி விட்டிருக்காது. அதே வீதியில் கோனியம்மன் கோயில். சற்றுத் தள்ளி, முஸ்லிம்கள் நிறைந்த கோட்டைமேடு. சுற்றிலும் மண்டிகள், ஜவுளிக்கடைகள். பெரியப்பா வகுப்பில் கடைக்காரர் மகனும் கூலிக்காரர் மகனும் ஒரே பெஞ்சு. கத்தோலிக்கப் பையன்களுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. மணி அடித்தால் எல்லாரும் ஒரே மைதானம். “ஃபாதரு அடிப்பாருங்க, ஆனா எவன் எந்தச் சாதின்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க” என்றார், பெரியப்பாவோடு படித்த பெரியவர் ஒருவர். சாதிச் சிக்கலில் மனம் நொந்து போன ஆயரை எண்ணிக்கொண்டேன். அவர் விரும்பியபடி கோவைக்கு முதல் இந்திய ஆயர் கிடைத்தது 1940இல். கருமத்தம்பட்டிச் சடங்கு நடந்து ஏறக்குறைய நூறாண்டு கழித்து.

ஆயர்களின் கதை ஏடுகளில் பத்திரமாக இருக்கிறது. அங்கே படித்தவர்களின் கதை வீடுகளில்தான் கிடக்கிறது. உங்கள் அப்பாவோ தாத்தாவோ மைக்கேல்ஸில் படித்தவரானால், பரணில் உள்ள வகுப்புப் படத்தை எடுத்து, அதிலுள்ள பெயர்களைக் கேட்டு, பின்புறம் எழுதி வையுங்கள். பிரதி ஒன்றைப் பள்ளிக்குக் கொடுங்கள்.